எட்டுப் பேர் மேசை

தண்ணீர் என்ற ஒன்று தன்னிடம் இருந்ததையே மறந்து, கருவேலம் முளைத்துக் கிடந்த நல்லூரணிப்பட்டிக் கண்மாயில், மாசி மாதத்து விடிகாலை ஒன்றில் ஒரு வெள்ளைக் கப்பலும் ஒரு நீலக் கப்பலும் வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, அதை முதலில் பார்த்த டீக்கடை பால்ச்சாமி, அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஊரை எழுப்பப் போனான், ஏனென்றால் கப்பல் எங்கேயும் போய்விடாது, பால் பொங்கிவிடும்.

யாருடைய கப்பல்கள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மின்சார ஆபீசில் பெரிய இன்ஜினியராக இருந்து ரிட்டயரான கனகவேல், முந்தின சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு அமெரிக்காவில் இருக்கும் மகன் நெடுமாறனோடு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதைப் பாதித் தெரு கேட்டிருந்தது. அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாள் வருகிறது, அட்லாண்டிக் கடலைக் கப்பலிலேயே தாண்டி என் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி, அவன் இரண்டு கப்பல்களின் படங்களை அனுப்பியிருந்தான். "எதுன்னாலும் சரிப்பா. ஆனா நீங்களும் அம்மாவும் சேந்து முடிவு பண்ணுங்க" என்று அவன் சொன்னதையும் தெரு கேட்டது. சேர்ந்து முடிவு பண்ணுவது என்பது அந்த வீட்டில் அதுவரை நடந்திராத காரியம், அதனால்தான் கப்பல்களே நேரில் வந்துவிட்டன என்று ஊர் பேசிக்கொண்டது, அதற்குமேல் காரணம் தேடி யாரும் மெனக்கெடவில்லை.

வெள்ளைக் கப்பல் இங்கிலாந்தில் ஏறினால் நியூயார்க்கில் கொண்டுபோய் இறக்கும், நடுவில் ஒரு கரையும் கிடையாது, பகலெல்லாம் கடல், ராத்திரியானால் வெள்ளைத் துணி விரித்த பெரிய வட்ட மேசையில் முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நீலக் கப்பல் ஸ்பெயினில் கிளம்பி, தீவு தீவாக நின்று நின்று, ஊர் காட்டிக்கொண்டே ஃப்ளோரிடா போகும், அதில் அவரவர் தட்டில் அவரவர் எடுத்துப் போட்டுக்கொண்டு மூலையில் இரண்டு பேர் மேசையில் ஒதுங்கிவிடலாம், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நாலைந்து நாளில் ஊர் கப்பல்களுக்குப் பழகிவிட்டது. காலையில் அவற்றின் நிழல் மேற்குத் தெருவில் விழுந்ததால் அந்தத் தெருக்காரர்கள் எழுந்திருக்க நேரமானது, சாயங்காலம் நிழல் கிழக்கே சாய்ந்ததால் ஆடுகள் அங்கே போய்ப் படுத்தன, நங்கூரச் சங்கிலியில் பெண்கள் சேலை காயப்போட்டார்கள், பஸ் கண்டக்டர் "கப்பலெல்லாம் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார், கல்யாணப் பத்திரிகைகளில் மண்டபத்துக்கு வழி "கப்பல்களுக்குத் தெற்கே" என்று அச்சானது. பொதுப்பணித் துறையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், இதை ஆக்கிரமிப்பு என்று எழுதுவதா வேண்டாமா என்று கரையில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, கண்மாய்க்குள் வீடு கட்டினால்தான் தப்பு, கப்பல் நிற்பதற்குத்தானே கண்மாயே என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். ஏறிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் இரண்டு கப்பல்களும் ஏணியை இறக்கவில்லை, உள்ளே ஆளும் இல்லை.

கனகவேலின் மனைவி சீனியம்மாள் முதல் நாளே கரைக்கு வந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, வெள்ளைக் கப்பலின் சன்னல் வழியே அந்த வட்ட மேசையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கரையே கேட்கிற மாதிரி, "எனக்கு இந்த மேசைதான் வேணும்" என்று சொன்னாள்.

அவளுக்குக் குரல் அப்படித்தான். ரகசியம் சொன்னாலும் பக்கத்து வீட்டு நாய் காதைத் தூக்கும். சிரித்தால் உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பாள், மீன் என்றால் தலையை உறிஞ்சிச் சாப்பிடுவாள், முகம் தெரியாத ஆளிடம்கூட "சாப்டீங்களா, என்ன குழம்பு" என்று கேட்பாள். அப்படிப்பட்டவள் பிள்ளைகள் போன பிறகு தனியாகத்தான் சாப்பிட்டாள். கனகவேல் ஹாலில் டிவிக்கு முன்னால் தட்டோடு உட்காருவார், அவள் மீனில் முள் எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு, அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு தன் சோற்றைச் சாப்பிடுவாள். நாற்பது வருடமாக அவளே முள் எடுத்துக் கொடுத்ததால், மீனில் முள் எந்தப் பக்கம் இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

கனகவேலுக்கு நீலக் கப்பல்தான் வேண்டும். ஏன் வேண்டும் என்பதை டீக்கடையில் வந்து விளக்கினார்.

"வெள்ளக் கப்பல் ரொம்ப ஆடும்ங்க. சீனிக்குத் தலைசுத்துற ஒடம்பு, பாவம், தாங்க மாட்டா."

சொல்லி முடிக்கவில்லை, கண்மாய்ப் பக்கம் மண் சரிகிற சத்தம் கேட்டது. பால்ச்சாமி எட்டிப் பார்த்தான். நீலக் கப்பல் கணுக்கால் ஆழத்துக்குத் தரைக்குள் இறங்கியிருந்தது.

"அதுவும் போக, சீனிக்குத் தீவெல்லாம் பாக்கணும்னு ஆச" என்றார் கனகவேல். கப்பல் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது.

பால்ச்சாமிக்குச் சந்தேகம் தட்டி, அன்று மத்தியானம் தானே போய்க் கப்பலுக்கு முன்னால் நின்று, "என் டீயில நான் தண்ணி சேக்குறதே இல்ல" என்று சொல்லிப் பார்த்தான். கப்பல் அசையவில்லை. மற்றவர்களும் வந்து ஆளுக்கொரு பொய் சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, இந்தக் கப்பலுக்குக் கனகவேலின் பொய் மட்டும்தான் கனக்கிறது என்று தெரிந்துகொண்டு ஊர் வெற்றிலை போட்டது. அதற்குப் பிறகு அவரைச் சுற்றி உட்கார்ந்து, "ஏன் சார் நீலம்?" என்று பேச்சுக் கொடுப்பதும், அவர் ஒரு காரணம் சொல்வதும், ஓடிப்போய் ஆழம் பார்ப்பதும் ஊருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எதை மூடி மறைக்கிற பொய் என்றுதான் தெரியவில்லை.

கனகவேலுக்கு அது தெரியும். ரிட்டயரான அன்று ஆபீசில் விழா வைத்து, மாலை போட்டு, மைக்கில் புகழ்ந்துகொண்டிருந்தபோது, பின்வரிசையில் சம்சாவைப் பிட்டுப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த சீனியம்மாளைக் காட்டி, வெளியூரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி, "அது யாரு?" என்று கேட்டார். "ஊர்லருந்து வந்திருக்காங்க சார், எங்க ஊர்க்காரங்க" என்று கனகவேல் சொல்லிவிட்டார். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தபோது சீனியம்மாள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். கேட்டாளா, கேட்கவில்லையா என்று அவர் விசாரிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை, அன்றைக்கு வீட்டுக்கு வந்து வழக்கம்போல மீனுக்கு முள் எடுத்துக் கொடுத்தாள். அந்த மீன் அவருக்கு இன்னும் தொண்டையிலேயே நின்றது. ஆனாலும் அந்த வட்ட மேசையை நினைத்தால், முள்கரண்டியோடு உட்கார்ந்திருக்கும் ஆறு அந்நியர்களும் மணிக்கட்டு வரை குழம்பு வழிகிற அவள் கையைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பித் தன்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தால், அவருக்கு உடம்பு கூசியது. கூசுகிறதே என்று நினைத்து மறுபடியும் கூசியது.

பங்குனி பிறந்தும் முடிவாகவில்லை. மகன் தினமும் போன் போட்டான். அப்போதுதான் கனகவேல், "ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டு இருக்க வேணாம், ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். சீனியம்மாள் உடனே சரி என்றாள். பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை, மனிதர்களால் முடிவு பண்ண முடியாததைக் கண்மாய்க்கரைக் காளியம்மனிடம் விட்டுவிடுவதுதான் அந்த ஊரில் வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் இலையில் மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் போட்டுக் கும்பிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்துப் பார்க்கலாம். எடுக்காத பொட்டலத்தை ஒருநாளும் பிரிக்கக் கூடாது, அது அம்மன் வேண்டாமென்று சொன்னது, அதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

வெள்ளை வந்தால் வெள்ளைக் கப்பல், சிவப்பு வந்தால் நீலக் கப்பல் என்று பேசிக்கொண்டார்கள். பொட்டலம் கட்டுகிற வேலையைக் கனகவேலே எடுத்துக்கொண்டார். கோயில் நந்தவனத்தில் செவ்வரளியும் நந்தியாவட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, அவர் எந்தச் செடியில் கை வைத்தார் என்று இருளாண்டிப் பூசாரி பார்த்தார், பார்த்தும், பெரிய மனிதர் விவகாரம் நமக்கெதற்கு என்று மணியைத் துடைக்கப் போய்விட்டார்.

சீனியம்மாள் கும்பிட்டாள். அவள் மனதுக்குள் வேண்டுவதும் வெளியே கேட்கும். "ஆத்தா, அந்த மேசைல எனக்கு ஒரு எடம் குடு. நாலு பேரோட ஒக்காந்து சாப்புட்டு ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிக் கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. கூட்டம் குலவை போட்டது. சீனியம்மாள் அந்தப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஆத்தா சொன்னா சரிதான். நீலத்துலயே போவோம்ங்க."

கனகவேலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை அவர். ஆனாலும் அந்த நேரத்தில்தான் நீலக் கப்பல், இதுவரை இறங்கியதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி, கீழ் அடுக்குச் சன்னல்கள் மண்ணுக்குள் போகிற ஆழத்துக்குத் தடதடவென்று இறங்கியது. குலவை பாதியில் நின்றது. பேசாத மனிதரின் பொய் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை, பூசாரியை விட்டால் ஒரே ஒரு ஆளுக்குத்தான் புரிந்தது. சீனியம்மாள் கப்பலைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், பிறகு குனிந்து, அம்மன் காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள்.

"சின்னம்மா, அதப் பிரிக்கக் கூடாது" என்றார் பூசாரி. சொல்லும்போதே அவர் தலை தொங்கியது.

"தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அவள் பிரித்தாள். உள்ளே சிவப்பு அரளி இருந்தது.

பால்ச்சாமி தன் கால் விரலைப் பார்த்தான், பெண்கள் சேலை முந்தியைப் பார்த்தார்கள்.

"ஏங்க ரெண்டுலயும் செவப்ப வச்சீங்க?"

"கை தவறிருச்சு சீனி" என்றார் கனகவேல். கப்பலின் நடு அடுக்கு மண்ணுக்குள் போனது.

"உன் ஒடம்புக்குத்தான்... நீ தாங்க மாட்டியேன்னுதான்..." மேல்தளம் போனது. புகைபோக்கி மட்டும் ஒரு மொட்டைப் பனைபோலத் தரைக்கு மேலே நின்றது.

சீனியம்மாள் கத்தவில்லை. ஊருக்கு அவள் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டது. "அது முழுசா முங்குறதுக்குள்ள சொல்லிருங்க."

கனகவேல் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"அந்த மேசைல ஒக்காந்தா அவங்க ஒன்னப் பாப்பாங்க. நீ கையால அள்ளிச் சாப்புடுறதப் பாப்பாங்க, நீ சிரிக்கிறதக் கேப்பாங்க. அப்புறம் என்னப் பாப்பாங்க. எனக்கு வெக்கமா இருக்கு சீனி. கல்யாணம் ஆன நாள்லருந்து வெக்கமாத்தான் இருக்கு."

கப்பல் எழுந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு மேல்தளம் வந்தது, நடு அடுக்கு வந்தது, சன்னல் சன்னலாக வெளியே வந்தது, அடிவயிறு வரைக்கும் வந்து, காய்ந்து கிடந்த கண்மாயில் அதற்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊறி, வந்த நாளில்கூட அப்படி இருந்ததில்லை என்கிற மாதிரி, புதுப் பெயிண்ட் அடித்ததுபோல் பளபளவென்று நீலக் கப்பல் மிதந்தது. அது எழாமல் இருந்திருக்கலாம் என்று ஊர் மொத்தமும் நினைத்தது. பொய்யாக இருந்துவிடாதா என்று ஒரு மனைவி நினைக்கக்கூடிய ஒரே வார்த்தையை அது இத்தனை உயரத்துக்குத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டாம்.

சீனியம்மாள் அது எழுந்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா மெதக்குதுங்க" என்றாள்.

அவள் கரையை விட்டு இறங்கிக் கண்மாய்க்குள் நடந்தபோது வெள்ளைக் கப்பல் தன் ஏணியை அவள் கால் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. மாற்றுச் சேலைகூட எடுக்காமல், தலையில் சிவப்புப் பூவோடு ஏறினாள். அவள் கால் பட்டதும் கப்பலில் விளக்கெல்லாம் எரிந்தது, இங்கிலாந்துக்காரர்களும் வேறு ஏதேதோ நாட்டுக்காரர்களுமாக நூற்றுக்கணக்கான பேர், எப்போதும் அங்கேயே இருந்தவர்கள்போலச் சாப்பிட வந்தார்கள். வட்ட மேசையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு நாற்காலி காலி. ஒன்றில் அவள் உட்கார்ந்து, "என்ன, எல்லாரும் சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவர்கள் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார்கள், அவள் தன் பாஷையில் பதில் சொன்னாள், சாப்பாட்டு மேசைக்கு அது போதுமானதாக இருந்தது.

நீலக் கப்பலும் ஏணியை இறக்கியது, கனகவேலின் காலடியில். அவர் கேட்டதெல்லாம் அதில் இருந்தது, தீவுகள் இருந்தன, மூலை மேசை இருந்தது, யாரும் யாரையும் பார்க்காத சாப்பாடு இருந்தது. அவர் இரண்டு ஏணிக்கும் நடுவில் வெகுநேரம் நின்றார். அவரைப் போ என்றும் யாரும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவர்போல, வெள்ளைக் கப்பலில் ஏறினார்.

சன்னல் திறந்திருந்தது. கரையில் நின்ற எல்லோருக்கும் எல்லாம் கேட்டது. மேசைக்குப் பக்கத்தில் கையில் செருப்போடு நின்ற கனகவேலைக் காட்டி, நரைத்த மீசைக்காரர் ஒருவர், இது யார் என்று சீனியம்மாளிடம் சைகையில் கேட்டார்.

"எங்க ஊர்க்காரரு" என்றாள் சீனியம்மாள். "ஒக்காரச் சொல்லுங்க, பாவம், பசியோட நிக்கிறாரு."

அன்றைக்கு விழாவில் அவள் கேட்டிருந்தாள் என்பது கனகவேலுக்கு அப்போது தெரிந்தது. அவர் உட்கார்ந்தார். முழு மீன் ஒன்று தட்டில் வந்தது. கரண்டியால் இந்தப் பக்கம் குத்தினார், அந்தப் பக்கம் குத்தினார், ஒரு வாய் எடுத்து வைத்து இருமினார். ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள். சீனியம்மாள் மணிக்கட்டு வரை குழம்போடு தன் மீனை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சீனி" என்றார். "முள்ளெடுத்துக் குடு."

"ஊர்க்காரங்களுக்கெல்லாம் நான் முள்ளெடுத்துக் குடுக்குறதில்லீங்க."

கனகவேல் எழுந்து நின்றார். ஆபீசில் அத்தனை வருடம் பேசிய இங்கிலீஷில் ஆரம்பித்தார், பாதியில் அது நின்றுவிட்டது. பிறகு, மைக் இல்லாமலே, கரையில் நின்ற கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி, "இவ என் சம்சாரம். அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதார். அந்நியர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அப்போது பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரம்மாள் ஒருத்தி, தனக்கும் முள் எடுக்க வரவில்லை என்று தன் தட்டைச் சீனியம்மாள் பக்கம் நகர்த்தினாள். சீனியம்மாள் முதலில் அந்தம்மாளின் மீனைப் பிட்டு, முள்ளை உருவி, வெள்ளைச் சதையாக அடுக்கிக் கொடுத்தாள். அடுத்து மீசைக்காரருக்குக் கொடுத்தாள். இப்படி மேசையைச் சுற்றி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாகக் கணவனின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

விடிந்தபோது வெள்ளைக் கப்பல் இல்லை. அது நியூயார்க்கில் போய் நின்றதாகவும், அம்மா இறங்கும்போது மேசைக்காரர்கள் எல்லோரும் கூடவே வந்து வழியனுப்பியதாகவும் நெடுமாறன் போனில் சொன்னான். ஆடி மாதம் இருவரும் விமானத்தில் திரும்பி வந்தார்கள்.

நீலக் கப்பல் மட்டும் போகவில்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அது தன் சொந்தத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது, இப்போது அதன் சங்கிலியில் யாரும் சேலை காயப்போடுவதில்லை, வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஊர் பேச்சை மாற்றிவிடுகிறது. அவர் சொன்ன வார்த்தை எது வரைக்கும் நிஜமோ அது வரைக்கும்தான் அது மிதக்கும், என்றைக்கு அவருக்கு வெட்கம் இல்லையோ அன்றைக்கு இறங்கிவிடும் என்று பால்ச்சாமி கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். ஆனால் அது மனைவியை நினைத்து வந்த வெட்கமா, தன்னை நினைத்து வந்த வெட்கமா என்று கப்பலுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் நடக்கப் போகும் கனகவேல் கரையில் நின்று அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். அடுப்படியிலிருந்து சீனியம்மாள் கேட்பாள்.

"எறங்கிருச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம், அவள் இப்போதெல்லாம் கண்மாய்ப் பக்கம் போவதில்லை.

"இல்ல சீனி" என்பார் அவர். "மெதக்குது."

"சரி, கையக் கழுவிட்டு வாங்க" என்று அவள் சொல்வாள். அவர் டிவியைப் போடாமல், கையைக் கழுவிக்கொண்டு, அடுப்படிக்குள் போய் அவளுக்கு எதிரே உட்காருவார்.